மாசிப் பனியில் கரடும் மலையும்

வியாழன், ஊதியூர்

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மாசி பிறந்த பிறகும் காங்கேயம் பக்கம் விடியற்காலையில் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டின் கிளுவை வேலி முழுக்க நனைந்துதான் கிடக்கிறது. ஒன்பது மணி தாண்டினால் அதே வேலி மேல் கை வைக்க முடியாத அளவுக்கு வெயில். மலை ஏற இதைவிடத் தோதான காலம் கொங்கு நாட்டில் இல்லை என்பது சித்தப்பாவின் கட்சி. மழைக்காலத்தில் வழுக்கல், சித்திரையில் சுனை வற்றிவிடும், இடையில் கிடைப்பது இந்தக் கொஞ்ச நாள்தான்.

சித்தப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. தறி ஓட்டி ஓய்ந்தவர். வருடம் தவறாமல் வெள்ளியங்கிரி ஏறுகிறவர். கூட வருகிற இன்னொருவன் என் அக்கா பையன். ஜனவரியில் உத்தராகண்டில் கேதார்கண்டா ஏறிவிட்டு வந்தவன். 12,500 அடி, முட்டி வரை பனி. அங்கே வாங்கிய சாமான்களை எல்லாம் இந்தப் பயணத்துக்கும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். மடக்குகிற ஊன்றுகோல் ரெண்டு, செருப்படியில் மாட்டுகிற இரும்புப் பல், கணுக்காலிலிருந்து முட்டி வரை சுற்றிக் கட்டும் கெய்ட்டர்.

கெய்ட்டரைப் பார்த்த சித்தப்பா, "இதென்ன கண்ணு, பால் கறக்கறப்ப மாட்டுக்கு அணைக்கயிறு போட்டாப்பல இருக்குது" என்றார்.

"பனி பூட்ஸுக்குள்ள போகக் கூடாதுங்க அப்புச்சி, அதுக்குத்தான்."

"இங்க பனி எங்கடா கெடக்குது, பூட்ஸுக்குள்ள போறதுக்கு?"

ஊதியூர் மலை பெரிய உயரம் இல்லை. காங்கேயம் தாராபுரம் ரோட்டோரம், சமவெளியில் தனியாக நிற்கிற காட்டு மலை. கொங்கணச் சித்தர் இருந்த இடம் என்று மேலே கூட்டிப் போவார்கள். கால் பழக்குவதற்கென்றே இதை முதலில் வைத்தோம், அடுத்து பர்கூர் மலை, கடைசியில் வெள்ளியங்கிரி. 2023இல் ஒரு சிறுத்தை இந்தக் காட்டில் வந்து தங்கி, சுற்றுவட்டாரத்துப் பட்டி ஆடுகளைத் தூக்கிப் பெரிய பேச்சானது. அதிலிருந்து இங்கே இருட்டோடு ஏறுவதை யாரும் விரும்புவதில்லை. நாங்களும் நன்றாக விடிந்த பிறகே போனோம். வடக்கே சிவன்மலையும் அதற்கப்பால் சென்னிமலையும் மங்கலாகத் தெரிந்தன. தாராபுரம் திசையில் காற்றாலைகள். கீழே கொறங்காடு கட்டம் கட்டமாக, நடுவில் வெள்வேல மரம், மரத்தடியில் மாடுகள். கொழுக்கட்டைப் புல் காய்ந்து வெளுத்திருந்தது. பத்து மணிக்கெல்லாம் இறங்கிவிட்டோம். சொல்ல வேறொன்றும் இல்லை, ரோட்டோரக் கடையில் கம்மங்கூழ் நன்றாக இருந்தது.

வெள்ளி, பர்கூர் மலை

கோபி, அந்தியூர் வழியாக வந்தோம். அந்தியூர் தாண்டி வரட்டுப்பள்ளம் அணையைக் கடந்ததும் ரோடு மலைக்குள் நுழைகிறது. யானை குறுக்கே வருகிற ரோடு என்பதால் செக்போஸ்டில் நேரம் பார்த்துத்தான் விடுகிறார்கள். தாமரைக்கரையில் டீ குடித்தபோதே காற்று மாறிவிட்டது. வெயிலில் நின்றால் காய்கிறது, நிழலுக்கு வந்தால் துண்டைப் போர்த்தத் தோன்றுகிறது.

இந்தப் பக்கம் காட்டுக்குள் நினைத்தபடி ஏற முடியாது. 2024இல் இது தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் ஆகிவிட்டது. அதற்கும் முன்பே, 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் 23 பேர் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றம் முழுக்க வனத்துறை அனுமதிக்குள் வந்துவிட்டது. இப்போது 40 வழித்தடங்களுக்கு ஆன்லைனில் பதிவு செய்து போகலாம். அதிலும் தீ பிடிக்கிற மாதங்களில் நிறுத்தி வைப்பார்கள். சிலருக்கு இது கட்டுப்பெட்டித்தனமாகப் படுகிறது. மாசி மாதக் காய்ந்த புல்லை ஒரு தடவை கையில் கசக்கிப் பார்த்தால் அந்தப் பேச்சு வராது. கசக்கிய உடனே பொடியாகிறது. இதில் ஒரு பீடித் துண்டு விழுந்தால் காற்று மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

அதனால் எங்கள் ஏற்பாடு எளிமையானது. சித்தப்பாவுக்குப் பழக்கமான ஒரு மலைக் கிராமம். ஊருக்குப் பின்னால், ஊர்க்காரர்களின் ராகிக் காட்டை ஒட்டியே எழும்புகிற ஒரு கரடு, அதாவது பாறைக் குன்று. உச்சியில் அவர்களுடைய சாமி கல். வன அலுவலகத்தில் சொல்லிவிட்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அந்த எல்லைக்குள் மட்டும் போவது. பாதை உண்டா என்று அவரிடம் கேட்டதற்கு, "நோம்பிக்குப் போவோமுங்க. அப்புறம் ஆடிக்கு மழ வந்தா செடி மூடிக்கும்" என்று பதில் வந்தது. கடைசியாக அந்த நோம்பித் திருவிழா எப்போது என்று கேட்டால் சிரிக்கிறார்.

ராத்திரி அவர் வீட்டு வாசலில் படுத்தோம். ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். ராகி அறுத்து அடித்து முடித்துவிட்டார்கள், களத்தில் தாள் குவிந்து கிடந்தது. பக்கத்தில் பர்கூர் மாடுகள், செம்பழுப்பில் வெள்ளைத் திட்டு போட்டவை. சரியான ரோஷக்கார மாடுகள், புதுசாக யாராவது கிட்டே போனால் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. காட்டுக்குள் பட்டி போட்டு மேய்த்துப் பழகிய இனம். சரணாலயத்துக்குள் மேய்ச்சல் என்ன ஆகும் என்பதுதான் சாப்பிடும்போது முழுக்கப் பேச்சு. கன்னடமும் தமிழும் கலந்து பேசினார்கள், பாதி எனக்குப் புரியவில்லை. கவலை புரிந்தது.

பதினோரு மணிக்கு மேல் வாசலில் படுக்க முடியவில்லை. கம்பளியை உதறினால் மேலே ஈரம். எல்லோரும் திண்ணைக்கு ஏறிவிட்டோம்.

சனி, பெயர் தெரியாத கரடு

பெயர் அவர்களுக்குத் தெரியும், எழுத வேண்டாம் என்றார்கள். சரி.

விடிந்ததும் கிளம்பவில்லை. பெரியவர் ஏழு மணி வரை விடவில்லை. ராத்திரி கீழே தண்ணிக்கு இறங்கிய ஆனை திரும்பிப் போகிற நேரம் அது என்றார். மாசியில் மேட்டுக் குட்டைகள் வற்றிவிடும், ஆனை பள்ளத்துக்குத்தான் வரவேண்டும். ஆனை வருகிற நேரம் தெரிந்தால்தான் நாம் போகிற நேரம் தெரியும்.

முதல் அரைமணி ராகிக் காட்டின் தாளடி, அப்புறம் உண்ணிச்செடி. கொங்கு மலைகளின் அடிவாரம் எல்லாவற்றையும் இந்தச் செடி பிடித்துக்கொண்டது. தலைக்கு மேல் வளர்ந்து, முள்ளும் கொடியுமாகப் பின்னிக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற மாட்டைக்கூட மறைத்துவிடும். பெரியவர் கொடுவாளால் வெட்டவே இல்லை. குனிந்து பன்றி போன சந்து பொந்தைப் பார்த்துப் பார்த்து நுழைந்தார். நாங்கள் தவழ்ந்தோம். பையில் கட்டியிருந்த அக்கா பையனின் ஊன்றுகோல் ஒவ்வொரு கொடியிலும் மாட்டியது.

உண்ணிச்செடி முடிந்த இடத்தில் போதைப்புல் ஆரம்பம். ஆள் உயரம். உரசினால் எலுமிச்சை வாசம், வாசத்துக்கு நடுவே கன்னத்தில் கீறல். இங்கே முன்னால் போகிறவருக்குத்தான் வேலை. புல்லை நெஞ்சால் தள்ளி, காலால் மடக்கி, அடுத்தவர் கால் வைக்க இடம் பண்ண வேண்டும். கொஞ்ச தூரத்தில் மூச்சு வாங்கும். அக்கா பையன்தான் சொன்னான், பனியிலும் இதே முறைதானாம். யாரும் நடக்காத பனியில் முன்னால் போகிறவர் தடம் மிதிக்க வேண்டும், அவர் சோர்ந்ததும் ஓரமாக ஒதுங்கி வரிசையின் கடைசிக்குப் போவார், அடுத்தவர் முன்னால் வருவார். ஆழப் பனியில் ஸ்னோஷூ எதற்கென்றால், அகலமான சட்டம் உடம்பு எடையைப் பரவலாக்கிவிடும், கால் உள்ளே புதையாது. புல்லில் அந்தச் சட்டத்தால் பயன் இல்லை. முறை மாற்றுகிற பழக்கம் பயன்பட்டது. பெரியவரை மட்டும் பின்னால் போகச் சொல்ல எங்களுக்குத் துணிச்சல் வரவில்லை, அவருக்கு மூச்சும் வாங்கவில்லை.

பாதி ஏற்றத்தில் ஆனை லத்தி கிடந்தது. பெரியவர் டயர்ச் செருப்புக் காலால் அதை உடைத்தார். மேலே காய்ந்த ஓடு, உள்ளே பச்சை, ஈரம். குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடு இல்லை. ஒரு பிடி மண்ணை எடுத்து விரல் வழியே விட்டார், அது எங்கள் முகத்துக்கு வந்தது. மேலிருந்து கீழே காற்று. "அது மேல இருந்தா நம்ம வாசம் போவாது, நமக்கு அதோட வாசம் வரும். வாங்க" என்றார். அதுவரை பேசிக்கொண்டே வந்த அக்கா பையன் அதற்குப் பிறகு உச்சி வரை வாய் திறக்கவில்லை.

அதற்கு மேல் சருகு. மரமெல்லாம் இலை உதிர்த்த நேரம், சரிவில் முழங்கால் ஆழம் சருகு சேர்ந்திருந்தது. அடியில் கல் இருக்கிறதா குழி இருக்கிறதா தெரியாது. இந்த இடத்தில்தான் மடக்குக்கோல் உதவியது. குத்திப் பார்த்து, தட்டிப் பார்த்து, அப்புறம் கால். சித்தப்பா தன் மூங்கில் தடியால் அதையே செய்தார். இரும்புப் பல்லையும் ஒரு பாறையில் மாட்டிப் பார்த்தான். கரட்டுப் பாறையில் அது கிறீச்சிட்டு வழுக்கியது, கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டான்.

உச்சியில் ஒரு நட்ட கல், துருப்பிடித்த வேல், உடைந்த விளக்கு. பெரியவர் செருப்பைத் தூரமாகவே கழற்றிவிட்டுப் போய் கற்பூரம் காட்டினார். காட்டிய பிறகு கற்பூரம் எரிந்த கல்லின் மேல் தண்ணீர் ஊற்றி, தொட்டுப் பார்த்து, இன்னொரு தடவை ஊற்றினார். வடக்கே மாதேஸ்வரன் மலைத் தொடர் அடுக்கடுக்காக நின்றது. சிவராத்திரிக்கு அங்கே போகிறவர்கள் இந்த மலை ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். கிழக்கே பாலமலை. தெற்கே சமவெளி இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாகப் புகை மூட்டம் மட்டும்தான். வெயில் ஏறினால் இன்னும் மோசமாகும் என்றார்கள், மாசியில் தூரப் பார்வை எல்லாம் காலை ஒன்பது மணியோடு சரி.

இறங்கிய பிறகு வாசலில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கினோம். கடுகில் பாதி அளவுள்ள குட்டி உண்ணி, இந்தப் பருவத்துக் காய்ந்த புல்லில்தான் கொத்துக் கொத்தாக இருக்கும். உரசியவர் காலில் மொத்தமாக இறங்கும். எனக்கும் சித்தப்பாவுக்கும் இடுப்பு வரை ஏறியிருந்தது. வேப்பெண்ணெய் தடவி ஒவ்வொன்றாக எடுத்தோம். அக்கா பையனுக்கு ஒன்றுகூட இல்லை. கெய்ட்டரைக் கழற்றி உதறினான், ஊசிப்புல் விதையும் உண்ணியும் வெளிப்பக்கமே ஒட்டிக்கொண்டிருந்தன.

சித்தப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன வெலைங்க கண்ணு இது?" மரியாதை கூடியிருந்ததைக் கவனித்தேன்.

ஞாயிறு, கோபி

ஓய்வு. சித்தப்பா தூங்கினார். நான் துணி துவைத்தேன். வெள்ளியங்கிரிக்கு ஞாயிறு போகலாமே என்று கேட்டவர்களுக்கு: சனி, ஞாயிறில் முதல் மலைப் படியில் நிற்கக்கூட இடம் இருக்காது. திங்கள் ராத்திரி ஏறுவதாகத்தான் ஆரம்பத்திலிருந்தே திட்டம்.

திங்கள் இரவு, பூண்டி

கோவையிலிருந்து மேற்கே போகப் போக மலை நேருக்கு நேர் எழுந்து நிற்கிறது. நொய்யல் பிறக்கிற மலை. பிப்ரவரியிலிருந்து மே வரைதான் மேலே விடுகிறார்கள். பூண்டி அடிவாரத்தில் வனத்துறைச் சோதனை. பையைத் திறந்து பிளாஸ்டிக்கை எடுக்கிறார்கள், தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி இருபது ரூபாய் வாங்கிக்கொள்கிறார்கள். பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டினால் காசு திரும்பக் கிடைக்கும். இது வந்த பிறகு மலையில் பாட்டில் குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை.

பெண்களில் சிறுமிகளும் வயதானவர்களும் தவிர மற்றவர்கள் மலை ஏறுவதில்லை என்ற வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. கெய்ட்டர் போட்டுக்கொண்டு எங்களைவிட வேகமாக ஏறக்கூடிய அக்கா மகள் ஒருத்தி வீட்டில் இருக்கிறாள், அதனால் எனக்கு இது ஒவ்வொரு தடவையும் உறுத்தும்.

மூங்கில் தடி வாங்கினோம். அக்கா பையன் மடக்குக்கோலை அறையிலேயே வைத்துவிட்டான். காரணம் கேட்டதற்கு, கூட்டத்தில் கூர்முனை அடுத்தவர் காலில் குத்தும் என்றான். நியாயம்தான்.

செவ்வாய், ஏழு மலை

திங்கள் ராத்திரி பத்து மணிக்கு ஏற ஆரம்பித்தோம். முதல் மலைதான் ஆளைக் கொல்கிறது. நட்டு வைத்த கல் படிகள், ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துவராது, மூச்சு விட இடைவெளி இல்லாமல் நேராக மேலே போகின்றன. புதிதாக வருகிறவர்கள் இங்கேயே வேகம் காட்டி வெள்ளை விநாயகர் கோவிலில் உட்கார்ந்துவிடுவார்கள். மூச்சுத் திணறியோ நெஞ்சு வலித்தோ இறந்தவர்கள் செய்தி ஒவ்வொரு சீசனிலும் வருகிறது. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் ஏறாதீர்கள் என்று கீழே எழுதியே வைத்திருக்கிறார்கள். சித்தப்பாவின் முறை வேறு. வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட முடிகிற வேகத்தில் மட்டும் ஏறுவார். வாய் திறந்தால் நின்றுவிடுவார். எங்களை முந்திப் போன இளவட்டங்கள் பலரை வெள்ளை விநாயகர் கோவிலில் பார்த்தோம், சுக்கு காபி டம்ளரோடு.

பாம்பாட்டிச் சுனை, வழுக்குப் பாறை, கைதட்டிச் சுனை. கைதட்டினால் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கைப்படி இருட்டில் யாராவது தட்டிக்கொண்டே இருந்தார்கள். இந்த மாதத்தில் தட்டாவிட்டாலும் விரல் தடிமனுக்கு வருகிறது. பாட்டில் நிறைய ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது, அதனால் வரிசை. ஒட்டன் சித்தர் சமாதி தாண்டிய பிறகு மரம் குறைந்து புல்வெளி, அங்கிருந்து வேறு உலகம்.

காற்று. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்குத் தோளில் நிற்கிற மலை இது, காற்றுக்குத் தடுப்பே இல்லை. ஐந்தாவது மலையில் டார்ச் வெளிச்சத்தில் மூடுபனி பக்கவாட்டில் ஓடுவது தெரிந்தது. காது வலித்தது. அக்கா பையன் கேதார்கண்டா ஜாக்கெட்டை எடுத்தான். சித்தப்பா துண்டைக் காதோடு சேர்த்துத் தலைப்பாகை கட்டி, அதன் மேல் கம்பளியைப் போர்த்தினார். நான் ரெண்டும் இல்லாமல் ஒரு ஸ்வெட்டரில் இருந்தேன், நடந்துகொண்டே இருந்தால் தாங்கியது. பாறை மறைவில் சுருண்டு படுத்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டிப் போனோம். வியர்வைச் சட்டையோடு படுப்பதுதான் இங்கே ஆபத்து. ஏறும்போது வருகிற வியர்வை நின்றதும் குளிராகிவிடும். பனி மலையிலும் முதல் பாடம் அதுதானாம், வியர்க்கிற மாதிரி நடக்காதே, நின்றால் உடனே மேல்சட்டை போடு. சித்தப்பா அடிவாரத்திலேயே பனியனைக் கழற்றிப் பையில் வைத்திருந்தார். மேலே வந்து காய்ந்த பனியனைப் போட்டுக்கொண்டார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஆறாவது மலை இறக்கம். ஆண்டிச் சுனையில் அந்தக் குளிரிலும் குளிக்கிறார்கள். நான் முகம் கழுவினேன், அவ்வளவுதான். அங்கிருந்து ஏழாவது, சுவாமி முடி. படி கிடையாது. மண்ணும் புல்லும் பாறையுமான செங்குத்துச் சரிவு. பனி ஈரத்தில் புல் படுத்துக் கிடந்தது, நிறையப் பேர் மிதித்துச் சேறாகியும் இருந்தது. எல்லோரும் மிதித்த தடத்தில் போகிறவர்கள்தான் வழுக்கினார்கள். சித்தப்பா ஓரடி தள்ளி, புல் குத்தின் வேர் மேடு தேடித் தேடி, காலைக் குறுக்காக வைத்து ஏறினார். உள்ளங்கால் முழுக்கத் தரையில் படும்படி. முன்னங்காலை மட்டும் ஊன்றியவர்கள் தடியைப் பிடித்துத் தொங்கினார்கள். அக்கா பையன் அவர் கால் எடுத்த இடத்தில் தன் கால் வைத்தே வந்தான்.

தோரண வாயில் பாறையைக் கடந்து, பெரும்பாறைகளுக்கு நடுவே சுயம்புவாக வெள்ளியங்கிரி ஆண்டவர். கூட்டம் நகர்த்திக்கொண்டே இருந்தது, பார்த்த நேரம் கொஞ்சம்தான். வெளியே வந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. கோவை விளக்குகள் இன்னும் அணையவில்லை. சூரியன் எழுந்ததும் எல்லோரும் கிழக்கே போனைத் தூக்கினார்கள். சித்தப்பா எங்களை மேற்கே திருப்பி நிறுத்தினார். கேரளப் பக்கத்து மூடுபனியின் மேல் மலையின் நிழல் முக்கோணமாக விழுந்திருந்தது, கூர்முனையோடு. வெயில் ஏற ஏற அது சுருங்கி எங்களை நோக்கி வந்தது. கால்மணி நேரம்கூட நிற்கவில்லை.

இறங்குவது ஏறுவதைவிடக் கெட்டது, அதை எழுதி நீட்டுவதில் பயனில்லை. தடியை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் படி இறங்கினால் முட்டி கொஞ்சம் தப்பும். முதல் மலைப் படிகளுக்கு வந்தபோது மணி பதினொன்று, கல் சுட்டது. மேலே ஸ்வெட்டர் போட்டவன் கீழே சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டேன். அடிவாரத்தில் ஸ்டிக்கர் பாட்டிலைக் காட்டி இருபது ரூபாயை வாங்கினோம். அன்னதானத்தில் சாம்பார் சாதம்.

பஸ்ஸில் அக்கா பையன் கெய்ட்டர் ஒரு ஜோடி ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தான், சித்தப்பாவுக்கு. அளவு கேட்டதற்கு அவர் காலை நீட்டி ஜாண் போட்டுக் காட்டினார். போனில் ஜாண் கணக்கு இல்லை, எம் அளவு போதும் என்று முடிவானது. அடுத்து கொல்லிமலை. மிளகு பறிப்பு முடிவதற்குள் போக வேண்டும் என்கிறார் சித்தப்பா, காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் போகக் கூடாதாம்.